மலைக்குப் போகாத லீவு

ஜோதிமணியின் வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னால் அது ஒரு பின்சீட்டு வரலாறு. பிறந்தது மார்டள்ளிப் பக்கம் ஒரு தோட்டத்தில். பள்ளிக்கூடம் போனது அப்பாவின் சைக்கிள் கேரியரில். பெரியவளான பிறகு கொள்ளேகாலுக்குத் துணி எடுக்கப் போனது அண்ணனின் மொபெட்டில், இரண்டு காலையும் ஒரே பக்கம் தொங்கப் போட்டுக்கொண்டு. கல்யாணமாகி மைசூருக்கு வந்தது புருஷன் கவின்ராஜின் ஸ்கூட்டரில், மடியில் சீர் வந்த குக்கரோடு. இப்போது வேலைக்குப் போவது கம்பெனி வேனின் கடைசி சீட்டில், சரியாக டயருக்கு மேலே. ரிங் ரோட்டுப் பள்ளங்களெல்லாம் அவளுக்குத் தனிப்பட்ட முறையில் பழக்கம். எதிரே என்ன வருகிறது என்பதை இத்தனை வருஷமும் யாரோ ஒருத்தர் முதுகைத் தாண்டி எட்டித்தான் பார்த்திருக்கிறாள். அப்பா முதுகில் வியர்வைக் கோடு, அண்ணன் முதுகில் கிழிந்த பனியன், புருஷன் முதுகில் லாரி ஆயில். முதுகுகளைப் பற்றிப் பரீட்சை வைத்தால் ஜில்லாவில் முதலாவதாக வருவாள்.

கவின்ராஜ் லாரி ஓட்டுகிறவன். வீட்டில் இருக்கிற நேரத்தைவிட ஹைவேயில் இருக்கிற நேரம் அதிகம். ஆகவே ஸ்கூட்டர் மாடிப்படிக்குக் கீழே துணி போர்த்திக்கொண்டு தூங்கியது. ஒரு நாள் ஜோதிமணி அந்தத் துணியை விலக்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து மைதானத்தில் கவின்ராஜ் பின்னால் உட்கார்ந்து கத்த, அவள் முன்னால் உட்கார்ந்து ஓட்டினாள். இரண்டு தடவை விழுந்தார்கள். இரண்டு தடவையும் அடிபட்டது பின்சீட்டில் இருந்தவனுக்கு. பின்சீட்டில் இருப்பது எப்படி என்று அவனுக்கும் கொஞ்சம் தெரியட்டுமே என்று அவள் பெரிதாக வருத்தப்படவில்லை.

ஓட்டத் தெரிந்துவிட்டது. லைசென்ஸ்தான் இல்லை. வாரத்தில் ஞாயிறு மட்டும்தான் அவளுக்கு ஓய்வு, ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் ஞாயிறுதான் ஓய்வு. இரண்டு பேரும் ஒரே நாளில் படுத்துத் தூங்கினால் லைசென்ஸ் எங்கிருந்து வரும்? முதல் தடவை வாங்கிய எல்.எல்.ஆர்., டெஸ்டுக்குப் போக லீவு கிடைக்காமலேயே காலாவதியாகிச் செத்தது. இரண்டாவதுக்கு இந்த வாரத்தோடு ஆயுள் முடிகிறது. டெஸ்ட் செவ்வாய்க்கிழமை. இதையும் விட்டால் மறுபடி முதலிலிருந்து, மறுபடி முதுகு.

அவள் வேலை செய்வது ஹூட்டகள்ளிப் பக்கம் ஒரு ஊதுபத்தி கம்பெனியில், பேக்கிங் லைனில். நாள் முழுக்கச் சந்தனமும் மல்லிகையும் உடம்பில் ஊறி, வேன் வராத அன்றைக்கு பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர்கள் எந்தக் கோயிலுக்குப் போய் வருகிறாய் என்று கேட்பார்கள். இந்தக் கம்பெனியில் கோயிலுக்கும் லீவுக்கும் இருக்கிற சம்பந்தம் அவர்களுக்குத் தெரிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள்.

அங்கே லீவு கேட்க ஒரே ஒரு காரணம்தான் செல்லும்: மாதேஸ்வரன் மலை. அதற்கு ஒரு கதை உண்டு. ரொம்ப வருஷத்துக்கு முன்னால், அப்போதிருந்த சூப்பர்வைசர் மலைக்குப் போகணும் என்று கேட்டவனுக்கு முடியாது என்றார். அந்த வாரமே காயவைக்கிற ரூமில் தீப்பிடித்தது. ஊதுபத்தி கம்பெனியில் தீப்பிடிக்க மாதேஸ்வரன் எதற்கு, ஒரு பீடி போதுமே என்று யாரும் யோசிக்கவில்லை. பெங்களூரில் இருக்கிற முதலாளி போனில் உத்தரவு போட்டார்: இனிமேல் மலைக்கென்று யார் கேட்டாலும் மறுக்கக் கூடாது. மற்ற காரணங்களைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. எனவே மற்ற காரணங்கள் எல்லாம் மறுக்கப்பட்டன.

அன்றிலிருந்து கம்பெனி முழுக்க ஒரே பக்தி. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மலை. பள்ளிக்கூடத்தில் வரச் சொன்னால் மலை. நாத்தனார் நிச்சயதார்த்தம் மலை. கிரிக்கெட் மேட்ச் இருந்தால் அதுவும் மலை. ஜோதிமணிக்குப் பக்கத்தில் நின்று பெட்டி ஒட்டுகிற நிர்மலா, கணக்கில் பார்த்தால் பூசாரியைவிட அதிகம் மலை ஏறியவள். நிஜத்தில் அவள் கொள்ளேகாலைத் தாண்டியதில்லை.

இப்போதைய சூப்பர்வைசர் தொட்டையன், மலைக்குப் போகிற வழியில் இருக்கிற ஹனூர்க்காரர். அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். மலைக்குப் போனவர்கள் லட்டுப் பிரசாதம் கொண்டுவர வேண்டும். அதை அவர் வாங்குகிற விதமே தனி. செருப்பைக் கழற்றுவார். கை கழுவுவார். லட்டைக் கண்ணில் ஒற்றி, ஒரு விள்ளல் வாயில் போட்டு, கண்ணை மூடி நிற்பார். அப்புறம்தான் கையெழுத்து. லைனில் இருக்கிற பெண்கள் இதைப் பரிசோதனை என்று சொன்னார்கள். இவ்வளவு கறாரான ஆள் ஜில்லாவிலேயே இல்லை என்று திட்டிக்கொண்டே அக்ரஹாரத்துக்குப் போனார்கள்.

அக்ரஹாரம் மைசூர் டவுனுக்குள்ளே ஒரு பேட்டை; அங்கே ஒரு மிட்டாய்க் கடை. லட்டு என்று கேட்டால் கடைக்காரர், வீட்டுக்கா கம்பெனிக்கா என்று கேட்பார். கம்பெனிக்கு என்றால் லட்டில் பச்சைக் கற்பூரமும் கிராம்பும் தூக்கலாக இருக்கும், கூடவே ஒரு பொட்டலம் திருநீறு, வாடின வில்வம் இரண்டு. அந்த மனுஷரும் மலைக்குப் போனதில்லை. பிரசாதம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று அவராகக் கற்பனை செய்து பிடித்தது அது.

இத்தனை பேருக்கும் மலை வழிவிட்டது. ஜோதிமணிக்கு மட்டும் குறுக்கே நின்றது. காரணம், கம்பெனியிலேயே அந்தச் சாமியை நிஜமாக நம்புகிறவள் அவள் ஒருத்திதான். தோட்டத்து வரப்பில் நின்றால் மலை தெரியும் ஊரில் பிறந்தவள். முதல் முடி இறக்கியது அங்கேதான். வேறு எந்தப் பொய்யும் கூசாமல் சொல்லுவாள். பேரம் பேசும்போது அவள் சொல்லாத பொய்யில்லை. மாதேஸ்வரனை அவள் ஊரில் மாதப்பன் என்பார்கள்; அந்த மாதப்பன் பேரில் மட்டும் நாக்கு புரளாது. உனக்கு மட்டும் தனிச் சாமியா என்று நிர்மலா அடிக்கடி இடிப்பாள். ஜோதிமணி, சாமி ஒண்ணுதான், பயம்தான் தனி என்பாள்.

போன வியாழக்கிழமை, அவள் தொட்டையனிடம் உள்ளதை உள்ளபடி கேட்டாள்.

"செவ்வாக்கெழம லீவு வேணுமுங்கண்ணா. லைசென்ஸ் டெஸ்டு."

தொட்டையன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். டெஸ்ட் என்பதெல்லாம் காரணத்தில் சேராது என்றார். யார் சொன்னது என்று கேட்டாள். எப்போதும் அப்படித்தான் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மலைக்குன்னு சொல்லேன் அம்மிணி. உனக்கென்ன, ஒரு லட்டு," என்றார்.

"போகாத எடத்துக்குப் போனேன்னு சொல்லச் சொல்றீங்களா?"

"நான் அப்படிச் சொன்னனா? போயிட்டு வான்னுதான் சொல்றேன்."

"டெஸ்டுக்குங்களா, மலைக்குங்களா?"

தொட்டையன் மின்விசிறியைப் பார்த்தார். காரணம் என்ற கட்டத்தில் எழுத அவருக்குத் தெரிந்தது ஒரே வார்த்தைதான். இவள் அதைத் தவிர மற்றதெல்லாம் சொல்கிறாள். நியாயமாக லீவு கேட்கிறவள்தான் கெஞ்ச வேண்டும். அன்றைக்கு, தயவுசெய்து ஒரு பொய் சொல் என்று சூப்பர்வைசர் கெஞ்சினார். அவள் அசையவில்லை. லீவும் அசையவில்லை.

இரண்டு நாள் யோசித்தபோது அவளுக்கு ஒரு வழி தெரிந்தது. பொய்யும் சொல்லாமல் லீவும் விடாமல் ஒரு வழி. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் மைசூர் பஸ் ஸ்டாண்டில் பஸ் பிடித்தாள். கொள்ளேகாலில் மாறி, வளைவு வளைவாக ஏறி மலைக்கே போய்விட்டாள். கும்பலில் இடிபட்டு சன்னதிக்கு முன்னால் நின்று விஷயத்தை நேரடியாகச் சொன்னாள்: அப்பனே, உன்னிடம் வந்ததும் நிஜம், லீவு எடுக்கப்போவதும் நிஜம், இரண்டும் ஒரே நாளில் இல்லை, அவ்வளவுதான். சாமி ஆட்சேபம் எதுவும் தெரிவிக்கவில்லை. கவுண்டரில் வரிசையில் நின்று லட்டு வாங்கினாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது யாரும் அதன்மேல் சாய்ந்துவிடாதபடி மடியில் வைத்துக் காவல் காத்தாள். சீர் குக்கருக்கு அப்புறம் இவ்வளவு ஜாக்கிரதையாக அவள் எதையும் மடியில் வைத்து வந்ததில்லை.

திங்கட்கிழமை காலை டீ நேரம் முடிந்ததும் லட்டை நீட்டி, மலைக்குப் போய் வந்தேன், அதற்கான லீவை நாளைக்குக் கொடுங்கள் என்றாள். தொட்டையனுக்கு ரொம்ப சந்தோஷம். ஞாயிறு போய்விட்டுச் செவ்வாய் லீவு கேட்பது கொஞ்சம் கோணலான கணக்குதான். ஆனால் கட்டத்தில் எழுத வார்த்தை கிடைத்துவிட்டதே. செருப்பைக் கழற்றினார். கை கழுவினார். கண்ணில் ஒற்றினார். ஒரு விள்ளல் வாயில் போட்டுக் கண்ணை மூடினார்.

உடனே திறந்துவிட்டார்.

இன்னொரு விள்ளல் போட்டார். மோந்து பார்த்தார். முகம் சுருங்கியது. "இது மலை லட்டு இல்லீயே அம்மிணி," என்றார். குரலில் கோபத்தைவிட வருத்தம் இருந்தது. "கற்பூர வாசமே காணோம். எந்தக் கடையில வாங்குன?"

ஜோதிமணிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நின்றுவிட்டது. பஸ் டிக்கெட்டைத் தேடினாள். அது சேலை முந்தானையோடு துவைக்கப்பட்டுக் கூழாகியிருந்தது. தொட்டையன், நான் ஒருத்தன் சொன்னால் அநியாயம் என்பாய், அனுபவசாலியையே கேட்போம் என்று நிர்மலாவைக் கூப்பிட்டார். அவள்தானே வருஷம் முழுக்க மலைக்குப் போகிறவள்.

நிர்மலா ஒரு துண்டு வாயில் போட்டாள். லைன் முழுக்கக் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. இது நிஜம் என்றால் இத்தனை வருஷமாக வந்ததெல்லாம் என்ன என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்வி லைனில் இருக்கிற எல்லாருடைய வீட்டுக் கதவையும் தட்டும். நிர்மலா ஜோதிமணியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

"இல்லீங்கண்ணா. மலை லட்டு இப்பிடி இருக்காது."

லைன் மொத்தமும் ஆமாம் என்று தலையாட்டியது. மலையையே பார்க்காத அத்தனை பேரும் சேர்ந்து, மலைக்குப் போய்வந்த ஒருத்தியை மலைக்குப் போகாதவள் ஆக்கினார்கள். தொட்டையன், சாமி விஷயத்தில் விளையாடக் கூடாது என்று புத்தி சொல்லி லீவு கிடையாது என்று முடித்தார்.

ஒரே ஒரு வார்த்தை போதும். அக்ரஹாரம் என்று சொன்னால் மொத்தக் கூடாரமும் சரியும். அந்த வார்த்தை ஜோதிமணியின் தொண்டை வரைக்கும் வந்தது. அதை அங்கேயே பிடித்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

மாடி ஆபீஸில் லீவு, சம்பளக் கணக்கு பார்க்கிற ஸ்மிதா இருந்தாள். ஆபீஸுக்கு வந்து ஒரு மாதம் ஆகவில்லை. மேலுகோட்டைப் பூர்வீகம், வளர்ந்தது மைசூர், தமிழைவிடக் கன்னடம் சரளம். ஜோதிமணி ஒரே மூச்சில் கேட்டாள்: இந்தக் கம்பெனியில் சாமியை இழுக்காமல் ஒரு நாள் லீவு உண்டா, இல்லையா?

ஸ்மிதாவுக்குத் தெரியவில்லை. அதை அவள் மறைக்கவும் இல்லை. "ரூல்ஸ் போர்டுனு ஒண்ணு இருக்கணுமே, எல்லி இதே அது, எங்க?" என்று கேட்டுக்கொண்டு கீழே இறங்கி வந்தாள். இரண்டு பேரும் தேடினார்கள். கேட்டுக்குப் பக்கத்தில், விரல் வைக்கிற மிஷினுக்கு மேலே, ஆணியில் பெரிய மாதேஸ்வரன் காலண்டர் தொங்கியது. வருஷா வருஷம் புதுக் காலண்டர் வரும், பழையதன் மேலேயே மாட்டுவார்கள். அதற்குப் பின்னால் கண்ணாடியின் ஒரு மூலை எட்டிப் பார்த்தது.

ஜோதிமணி செருப்பைக் கழற்றினாள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் சாமியைத் தூக்கிப் பிடித்தாள். பின்னால் கம்பெனி விதிகள் இருந்தன, கன்னடத்தில், தூசியோடு.

ஸ்மிதா விரல் வைத்துப் படித்தாள். சொந்த வேலைக்குத் தற்செயல் விடுப்பு உண்டு. முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. அந்த வரியில் ஸ்மிதா நின்று, ஜோதிமணியைப் பார்த்து, மறுபடி படித்தாள். அடுத்த வரி அதைவிட ருசியாக இருந்தது: வேலை நெருக்கடியால் விடுப்பை மறுத்தால், மறுக்கும் அதிகாரி அதற்கான காரணத்தை எழுதித் தொழிலாளியிடம் கொடுக்க வேண்டும்.

"ஜோதிம்மா," என்றாள் ஸ்மிதா, "ரீசன் நீங்க கொடுக்கறதே பேடா, வேண்டாம். அவரு கொடுக்கணும்."

சாமியைத் தூக்கிப் பிடித்த கை வலித்தது. ஆனாலும் இன்னொரு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

சாயங்காலம் வேன் கிளம்புவதற்கு முன்னால் ஸ்மிதா ஒரு வெள்ளைத் தாளைத் தொட்டையன் முன்னால் வைத்து, மறுப்பதென்றால் காரணம் எழுதித் தரவேண்டுமாம் என்று பவ்யமாகச் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். தொட்டையன் பேனாவைத் திறந்தார். இத்தனை வருஷமாக மற்றவர்களிடம் காரணம் கேட்டே பழகிய மனுஷர், தானே ஒன்று தேடுவது இதுதான் முதல் தடவை. வேலை அதிகம் என்று எழுத முடியாது. அட்டைப்பெட்டி வராமல் அன்றைக்கு மத்தியானத்திலிருந்து லைனில் ஒருத்திக்கு ஒருத்தி பேன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யோசித்து, யோசித்து, லட்டு சரியில்லை என்று எழுதினார். எழுதியதை வாய்விட்டுப் படித்தார். அவரே அடித்துவிட்டார்.

எதிரே ஜோதிமணி நின்றிருந்தாள். தொண்டையில் அந்த ஒரு வார்த்தை இன்னும் தயாராக இருந்தது.

தொட்டையன் பேனாவை வைத்துவிட்டு, அவளைப் பார்க்காமல் பேசினார். "நான் மலையக் கண்ணுல பாத்து எத்தனையோ வருசமாச்சு அம்மிணி. சூப்பர்வைசர் ஆனதுலருந்து போகவே இல்ல. உங்களுக்கெல்லாம் நான் லீவு குடுக்கறேன், எனக்கு யாரு குடுப்பா? ஞாயித்துக்கெழமயும் ஸ்டாக்கு எண்ணணும், லைன உட்டுட்டு எப்பிடிப் போறது? நீங்க கொண்டாற லட்டுதான் எனக்கு மலை. அதான் வாயில போட்டதும் தெரிஞ்சுபோச்சு. ஆளு போகாட்டியும் நாக்கு போயிட்டு வந்துருதல்ல, அதுக்குத் தெரியாதா?"

ஜோதிமணிக்கு அப்போதுதான் புரிந்தது. பரிசோதனை என்று லைனே திட்டிய அந்தக் கண்மூடல் பரிசோதனையே இல்லை. அக்ரஹாரத்து மிட்டாய்க் கடையைத்தான் இந்த மனுஷர் இத்தனை வருஷமும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டிருக்கிறார். தொண்டையில் நின்ற வார்த்தையை எச்சிலோடு விழுங்கினாள்.

"மலைமேல கடையில மாத்திக் குடுத்துட்டாங்களோ என்னமோங்கண்ணா," என்றாள். மாதப்பன் விஷயத்தில் அவள் சொன்ன முதல் பொய் அது. சாமிக்காகச் சொன்னதில்லை, மனுஷனுக்காகச் சொன்னது. அதனால் பரவாயில்லை என்று மனசு சொன்னது. பிறகு, "அந்தப் பலகைல சூப்பர்வைசருக்கு லீவு கெடயாதுன்னு எங்கயும் எழுதலீங்," என்று சேர்த்தாள்.

தொட்டையன் பேனாவை மறுபடி எடுத்தார். கையெழுத்துப் போட்டார். கம்பெனி ஏட்டின்படி மலைக்குப் போகாத முதல் லீவு அது. காரணக் கட்டம் வெறுமையாக, வெள்ளையாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஆர்.டி.ஓ. மைதானத்தில், தரையில் போட்டிருந்த எட்டுக்கு முன்னால் ஜோதிமணி ஸ்கூட்டரை நிறுத்தினாள். கூப்பிட்டதும் கிளம்பினாள். முதல் வளைவில் கொஞ்சம் தடுமாறினாள், காலை ஊன்றவில்லை. இரண்டாவது வளைவில்தான் கவனித்தாள், முன்னால் யாருடைய முதுகும் இல்லை. வெறும் ரோடு, வெயில், தூரத்தில் ஒரு நாய். இன்ஸ்பெக்டர் மொபைலிலிருந்து தலையைத் தூக்கி, ஆயிற்று போ என்று கையை ஆட்டினார். அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அந்த நிமிஷத்துக்காகத்தான் இத்தனை கூத்து.

கம்பெனியில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. காலண்டர் மறுபடி பலகைமேல் ஏறிவிட்டது. காரணம் சொல்லத் தேவையில்லை என்று தெரிந்த பிறகும் நிர்மலா மலைக்கென்றே லீவு கேட்டாள். சும்மா கேட்டால் ஏதோ திருடுகிற மாதிரி இருக்கிறதாம். ஜோதிமணியிடம் முகம் கொடுத்துப் பேச அவளுக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று. ஒரு நாள் டப்பாவில் தக்காளிச் சோறு கொண்டுவந்து நீட்டினாள். மன்னிப்பு என்று தனியாக எதுவும் கேட்கவில்லை, சோற்றில் நெய் அதிகமாக இருந்தது.

ஆனால் ஒருத்தர் மட்டும் அந்தப் பலகையை நம்பினார். மழை விட்ட ஒரு வாரத்தில் தொட்டையன் மாடிக்குப் போய் ஸ்மிதாவிடம் லீவு கேட்டார். காரணம் வேண்டாம் என்று அவள் சொல்லியும் கேட்காமல், கட்டத்தில் மலை என்று தன் கையால் எழுதினார். அந்தக் கட்டத்தில் எழுதப்பட்ட முதல் நிஜமான மலை. பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோவில் போவதாக இருந்தவரை ஜோதிமணி ஸ்கூட்டரில் ஏறச் சொன்னாள். அவர் தயங்கித் தயங்கி, மஞ்சப் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் முருகா என்றார். மாதப்பன் கோவிச்சுக்கப் போறார் என்று அவள் முன்னாலிருந்தே சொன்னாள்.

மூன்றாம் நாள் தொட்டையன் வந்துவிட்டார், மொட்டைத் தலையோடு, ஒரு பை லட்டோடு. லைனில் பேச்சு நின்றது. நிர்மலாவுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. இப்போது அவருக்கு நிஜம் தெரிந்திருக்கும். அடுத்தது என்னவென்று எல்லாருக்கும் தெரியும். அவர் ஒவ்வொருத்தருக்கும் ஒரு லட்டு கொடுத்தபடி நடந்தார். தரிசனம் நன்றாக ஆனதாம். மலையைப் பார்த்ததும் அழுகை வந்ததாம். ஜோதிமணிக்கு முன்னால் வந்து நின்றார், கையில் கடைசி லட்டு.

"எல்லாம் சரிதான் அம்மிணி," என்றார் மெதுவாக. "ஆனா மலையிலயே இப்ப லட்டு சரியில்ல. அந்த வாசம் போயிருச்சு. பாவம், உன்னத் தப்பாச் சொல்லிட்டேன்."

ஜோதிமணி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டாள். லட்டு நன்றாகத்தான் இருந்தது.

தொட்டையன் சட்டைப் பைக்குள் கையை விட்டுப் பணத்தைத் துழாவிக்கொண்டே நிர்மலா பக்கம் திரும்பினார். அடுத்த தடவை மலைக்குப் போகும்போது, அவள் வழக்கமாக வாங்குகிற கவுண்டரில் தனக்கும் இரண்டு சேர்த்து வாங்கிவர முடியுமா என்று கேட்டார்.